எங்க ஊர்ப் பொண்ணு

புதன்கிழமை காலையில் சேர்மன் ஒலிங்காவுக்கு வந்த கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. வாசல் மாமரத்தடியில் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். முதல் இருவரும் ஊர்ப் பையன்கள். மூன்றாவதாக நின்றவள் அவர் பெற்ற மகள் அமோடிங். சற்று முன்புதான் அவருக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நேராகப் போய் வரிசையில் நின்றுகொண்டாள்.

வெள்ளிக்கிழமை கூமி டவுன் மைதானத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். போகிறவர்கள் ஊர் சேர்மனிடம் நன்னடத்தைக் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். முத்திரை இல்லாத கடிதத்தை எவனும் கையால் தொடமாட்டான். அந்த முத்திரை பதினொரு வருஷமாக ஒலிங்காவின் சட்டைப் பையில் இருக்கிறது. இதுவரை ஏழு பேருக்குக் குத்தி அனுப்பியிருக்கிறார். ஏழு பேரும் இப்போது சோமாலியாவிலோ எல்லையிலோ துப்பாக்கியோடு நிற்கிறார்கள்.

பையன்கள் இருவருக்கும் குத்திக் கொடுத்தார். அடுத்து அமோடிங் வந்து நின்றாள்.

"சேர்மன் ஐயா, எனக்கு ஒரு கடிதம் வேணும்."

பையன்கள் சிரித்துவிட்டார்கள். ஒலிங்காவுக்கு முகம் சுண்டிப் போனது.

"என்ன, நக்கலா?"

"வீட்டுக்குள்ள கேட்டா அப்பாவா பதில் சொல்றீங்க. அதான் வெளிய வந்து சேர்மன்கிட்ட கேக்குறேன்."

"சேர்மனுக்கு இன்னைக்கு வேலை முடிஞ்சுது. நாளைக்கு வா."

வியாழக்கிழமை காலை வந்தாள். மை காய்ந்துவிட்டது என்றார். பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய் ஒரு புட்டி மை வாங்கி வந்து வைத்தாள். பதிவேட்டைக் காணவில்லை என்றார். கட்டிலுக்கு அடியில் அவரே ஒளித்து வைத்திருந்ததை எடுத்து வந்து மையின் பக்கத்தில் வைத்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். ஊர் ஜனத்தை அலைக்கழிக்கிற மேலதிகாரிகளைத் திட்டித் திட்டியே தேர்தலில் ஜெயித்தவர் அவர். அந்த வித்தையெல்லாம் தனக்கும் இவ்வளவு சுளுவாக வருமென்று அவர் நினைத்ததே இல்லை.

இத்தனைக்கும் மகளைப் பற்றிப் பீற்றிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம்கூட, பீர்ப்பானையைச் சுற்றி உட்கார்ந்து நீளக் குழாயில் உறிஞ்சிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஆரம்பித்தார். "ரேடியோவுல செய்தி ஆரம்பிக்கறப்போ கிளம்பினா. செய்தி முடியறதுக்குள்ள பாலம் வரைக்கும் போய்த் திரும்பிட்டா. சைக்கிள்காரன் ஒருத்தன் ஒதுங்கி வழி விட்டான்னா பாத்துக்கோ." யாரோ ஒருவர், "அப்ப ராணுவத்துல தங்கமா வச்சுக்குவாங்க" என்றார். ஒலிங்கா குழாயைப் பானையிலேயே விட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த ரேடியோ செய்திதான் அவரைத் தின்றது. சோமாலியாவின் மொகதிஷு என்ற சொல் காதில் விழுந்தால் சோறு இறங்காது. அங்கேயும் எல்லையிலும் நிற்கிற ஏழு பிள்ளைகளுக்காகவும் இவ்வளவு நாள் அதே செய்தியைத்தான் கேட்டார். கேட்டுவிட்டு நன்றாகவே சாப்பிட்டார்.

"ஊரெல்லாம் பெருமையடிக்கத் தெரியுது, ஒரு முத்திரை குத்தத் தெரியல" என்றாள் மனைவி அகுட்டி, நிலக்கடலையை வறுத்தபடி.

"நீ அனுப்பிருவியா அவளை?"

"மனசு வராதுதான். ஆனா, அமோடிங் அப்பா, நீங்க குத்தலைன்னா அவ இங்க சந்தோஷமா உக்காந்திருப்பான்னு நினைக்கிறீங்களா? காலம் பூரா நம்ம மூஞ்சியப் பாத்துப் பாத்துக் கருவிக்கிட்டு இருப்பா."

பொழுது சாய்கிற நேரத்தில் எலோட்டுவின் அம்மா வந்தாள். அவள் மகன் எலோட்டு சோமாலியா போய் நாலு வருஷம் ஆகிறது. ஈஸ்டருக்குப் போனில் பேசினான், அதற்கப்புறம் பேச்சு மூச்சு இல்லை. வந்தவள் உட்காரவில்லை.

"என்ன சேர்மன், உங்க பொண்ணை ரெண்டு நாளா நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி அலைய விடுறீங்களாமே?"

"அது வீட்டு விஷயம்."

"என் புள்ளைக்குக் குத்துறப்போ எவ்வளவு நேரம் எடுத்தீங்க? நான் கோழியை அடிச்சு வெந்நீர் ஊத்துறதுக்குள்ள குத்திட்டீங்க. மரியாதையா அந்தக் கோழியோட இரைப்பையை உங்க தட்டுலதான் வச்சேன். நீங்க கையக் கழுவிட்டுச் சொன்னீங்க, 'நாடு பெத்த தாய் மாதிரி பாத்துக்கும், அழாத'ன்னு. நானும் அழல."

ஒலிங்கா தரையைப் பார்த்தார்.

"இப்பச் சொல்லுங்க. அது எல்லாருக்கும் சொன்னதா, இல்ல எனக்கு மட்டும் சொன்னதா?"

அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை, போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். கொஞ்சம் ஆறுதலாகவாவது இருந்திருக்கும்.

எழுந்து பதிவேட்டைத் திறந்தார். கடிதத்தை எழுதி, மேஜை அதிரக் குத்தினார். "இந்தா, போய்த் தொலை" என்று மகள் பக்கம் தள்ளினார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சேர்மன்களும் மைதானத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு. தங்கள் ஊர்ப் பிள்ளைகளை அடையாளம் காட்ட வேண்டுமாம். நிழல் பந்தலில் அவர்களுக்குத் தனியாக பெஞ்சு போட்டிருந்தார்கள். ஆள் எடுக்க வந்திருந்த கேப்டன் ஒரு பெண். ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. சொந்தக்காரங்க எழுதின கடிதம் செல்லாது. போன தடவை ஒரு சேர்மன், பதினாறு வயசு மகனுக்குப் பதினெட்டுன்னு எழுதிக் குத்தி அனுப்பிட்டார். இந்தத் தடவை நானே கூப்பிட்டு விசாரிப்பேன். உறவுன்னு தெரிஞ்சா கடிதத்தைக் கிழிச்சிருவேன். மத்தியானத்தோட பட்டியலை மூடுறேன், நாளைக்குக் கொண்டு வர்றேன்னு யாரும் வராதீங்க."

ஒலிங்காவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அவராகத் தடுக்கவில்லை, சட்டம் தடுக்கிறது! கடிதமும் கொடுத்தாகிவிட்டது, மகளும் வீட்டுக்கு வந்துவிடுவாள். இனி எலோட்டுவின் அம்மாவும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்தக் கேப்டனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. இரண்டு நாளாகப் பசிக்காதவர், ஒரு சப்பாத்தி வாங்கிச் சாப்பிட்டார்.

அமோடிங்கும் அதைக் கேட்டாள். மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தடவை அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, போட்டிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு போய் ஓடுகிறவர்களுக்கு நடுவில் நின்றாள்.

எட்டு கிலோமீட்டர். ஊர்ப் பையன்கள் இருவரும் பாதி வழியிலேயே கழன்றுகொண்டு, வெட்கத்தில் அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள். பெண்களில் முதலாக அமோடிங் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஆம்பளைப் பிள்ளைகள் முப்பது நாற்பது பேர் நாக்கு தள்ளிக்கொண்டு வந்தார்கள். பந்தலே எழுந்து நின்றது. "யாரு பெத்த பொண்ணுய்யா இது?" என்று பக்கத்து பெஞ்சில் ஒருவர் கத்தினார். ஒலிங்காவின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு கூவல் தொண்டை வரைக்கும் வந்தது. அதை எப்படியோ விழுங்கினார். அவ்வளவு பெரிய சந்தோஷத்தை வாயை மூடிக்கொண்டு அனுபவிக்க வேண்டியிருந்ததில் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பிறகு மேஜைக்குக் கூப்பிட்டார்கள். கேப்டன் கடிதத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"அமோடிங். எழுதினது சேர்மன் ஒலிங்கா. நீங்கதானா? இவ உங்களுக்கு என்ன உறவு?"

அவர்களுடைய டெசோ ஜனங்களிடம் பிள்ளைக்கு அப்பன் பெயரைச் சேர்த்து எழுதுகிற வழக்கம் இல்லை. எந்தத் தாளைப் புரட்டினாலும் அவர்கள் அப்பனும் மகளும் என்று கண்டுபிடிக்க முடியாது. அவராகச் சொன்னால்தான் உண்டு. சொல்ல வேண்டியதும் உண்மைதான். பொய்கூட இல்லை.

சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்போது மகளின் கை கண்ணில் பட்டது. மேஜைமேல் பரப்பியிருந்த சான்றிதழ்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பிளாஸ்டிக் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். கால் கட்டைவிரலில் ரத்தம் மண்ணோடு காய்ந்திருந்தது. அழவில்லை, அவரைப் பார்த்துக் கெஞ்சவும் இல்லை. அப்பா என்ன சொல்லுவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"உறவெல்லாம் இல்லீங்க" என்றார். "எங்க ஊர்ப் பொண்ணு."

பைக்குள் போன கை அப்படியே நின்றது.

"எவ்வளவு நாளா தெரியும்?"

"பொறந்ததுல இருந்து."

"நடத்தை எப்படி?"

"நல்ல நடத்தைங்க. வாய்தான் ஜாஸ்தி. சொன்ன பேச்சு கேக்காது."

"அதை நாங்க பாத்துக்குறோம்" என்று கேப்டன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

தேறியவர்களை அன்றைக்கே லாரியில் ஏற்றினார்கள். அப்பன்மார்களும் அம்மாமார்களும் லாரியை மொய்த்துக்கொண்டார்கள். பேர் சொல்லிக் கத்துகிறார்கள், கையைப் பிடித்து அழுகிறார்கள், வாழைப்பழத்தையும் சோப்பையும் மேலே எறிகிறார்கள். வீட்டிலேயே இருந்துவிட்ட அகுட்டி வறுத்துக் கொடுத்த கடலை ஒலிங்காவின் பைக்குள் இருந்தது. பையைத் திறந்துகொண்டு இரண்டடி வைத்தார். லாரியின் பின்கதவுப் பக்கத்திலேயே கேப்டன் நின்றாள். ஒலிங்கா அப்படியே நின்றுவிட்டார்.

அமோடிங் லாரியின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவர் நின்ற பக்கம் பார்வை வந்தது, ஆனால் நிற்கவில்லை. யாரோ ஒரு ஆளைத் தாண்டிப் பார்ப்பதுபோல அவரைத் தாண்டிப் போனது. பொய்யைக் கெட்டிக்காரத்தனமாகக் காப்பாற்றினாள். அந்தக் கெட்டிக்காரத்தனமும் யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

வண்டி கிளம்புவதற்கு முன் கேப்டன் அவரிடம் வந்தாள்.

"சேர்மன், அந்த அமோடிங்குக்கு வீட்டுல யாரும் இல்லையா?"

"இருக்காங்க. அப்பா, அம்மா ரெண்டு பேரும்."

"பொண்ணுங்கள்ல முதல்ல வந்திருக்கா. எல்லாருக்கும் ஆள் வந்திருக்கு, அவளை வழியனுப்ப மட்டும் ஒரு நாதி இல்ல. என்ன மனுஷன்யா அவ அப்பன்? ஊருக்குப் போனதும் நான் சொன்னேன்னு அந்த ஆளை நல்லா நாலு கேள்வி கேளுங்க."

"கேக்குறேங்க" என்றார் ஒலிங்கா.