இரண்டு எண், ஒரு ஜோடிக் காலணி

முகம் மறைத்துச் சாட்சி சொல்பவர் வரும் நாள்களில் நீதிமன்றச் சேவகர் யாரையும் முழங்காலுக்கு மேல் பார்ப்பதில்லை. பக்கவாட்டுக் கதவு திறந்ததும் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்; கறுப்புத் திரையை இழுத்துவிடுவார்; குரலை மாற்றும் கருவியை முடுக்கிவிட்டு, தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டுப் பின்வாங்குவார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், வேடமிட்டுத் துப்பறிந்த காவலர் ஒருவரின் முகம் வெளியே தெரிந்துபோய், அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அன்றிலிருந்து சேவகரின் கண்கள் தரையோடு சரி. இப்படிப்பட்ட சாட்சிகளை அவர் காலணிகளாகவே அறிந்தார்.

இம்முறை குற்றவாளிக் கூண்டில் நின்றவர் சலவைக்காரர். துணி மூட்டைக்குள் போதைப்பொருள் வைத்து வீடுவீடாகக் கொடுத்தார் என்பது வழக்கு. நிரூபணமானால் பத்தாண்டுச் சிறை. கைப்பற்றிய பொருள் ஏதுமில்லை. ரகசியக் காவலர் இருவர் கண்ணால் கண்டதாகச் சொல்வதே ஆதாரம். அவர்களின் பெயர் நீதிபதிக்குக்கூடத் தெரியாது; எண் மட்டுமே தெரியும்.

திங்களன்று சாட்சி எண் ஒன்று வந்தார். பழுப்புக் காலணி, இடது காலில் அறுந்த நாடாவுக்குப் பதில் வெள்ளைச் சரடு. செவ்வாயன்று சாட்சி எண் இரண்டு வந்தார். அதே பழுப்பு, அதே வெள்ளைச் சரடு.

"இருவர் தனித்தனியே சொன்னது அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது!" என்று அரசு வழக்கறிஞர் பூரித்துப்போனார். சேவகர் அந்த வெள்ளைச் சரட்டை நினைத்துக்கொண்டார். ஒரே நரி இரண்டு வளைகளில் மாறிமாறித் தலைநீட்டி ஊளையிட, காடு முழுவதும் இரண்டு நரி என்று நம்பிய கதையாக அல்லவா இருக்கிறது!

இடைவேளையில் விசாரணை அதிகாரியிடம் போனார்.

"ஐயா, நேத்து வந்தவரும் இன்னைக்கு வந்தவரும் ஒரே ஆளு மாதிரி இருக்கே?"

அதிகாரி பல்லைக் குச்சியால் கிளறிக்கொண்டே சிரித்தார். "மூஞ்சியப் பாத்தியா?"

"இல்லீங்க. ஷூவைத்தான் பாத்தேன்."

"அப்ப பாலிஷ் போட்டுப் பொழச்சுக்கோ. அடுத்தவனுக்கு லீவு கிடைக்கல. அவன் சொல்ல வேண்டியதையும் இவனே சொல்லிட்டான். என்ன குடியா முழுகிப்போச்சு? ரகசியம் காப்பேன்னு கையெழுத்துப் போட்டிருக்கே. வாயைத் திறந்தா நீதான் உள்ள போவே."

குச்சி முனையில் வந்ததை அவர் சுவரில் தடவினார். சேவகர் வெளியே வந்தார்.

தாழ்வாரத்து பெஞ்சில் சலவைக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, திரைக்குப் பின்னால யாருன்னு நான் கேக்கல. நெசமாவே ரெண்டு பேரு பாத்தாங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

அந்தச் சொல் ஊசிப்போன சோறுபோல அவர் நாக்கிலேயே கிடந்தது. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தார். ஒரு மனிதரின் உயிரைக் காக்க இழுத்த திரை அது. இப்போது அசிங்கத்தைப் பொதிந்து வைக்கும் துணியாகிவிட்டது. அதை இழுப்பதும் இந்தக் கைதானே!

வெள்ளியன்று இரு சாட்சிகளுக்கும் மறுவிசாரணை. இருவரும் பக்கத்து அறையில் காத்திருப்பதாக அதிகாரி எழுதிக் கொடுத்திருந்தார். விசாரணை தொடங்கும் முன்பே சேவகர் நீதிபதியின் அறைக் கதவைத் தட்டினார்.

"அம்மா, எனக்குப் பேரும் தெரியாது, முகமும் தெரியாது. ஆனா ரெண்டு நம்பருக்கும் ஒரே ஜோடி ஷூதான் வந்துச்சு. அதிகாரியே ஒத்துக்கிட்டாரு. செவ்வாய்க்கிழமையே தெரியும்மா, பயந்து வாயை மூடிக்கிட்டேன்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இரு தரப்பு வழக்கறிஞர்களையும் அழைத்து அவர்கள் முன் மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, "திரையைப் போடுங்க. பின்னால ரெண்டு நாற்காலி. ரெண்டு பேரும் ஒண்ணா வரட்டும். யாரும் யார் முகத்தையும் பாக்க வேண்டாம்" என்றார்.

சேவகர் வழக்கம்போல் தலையைக் கவிழ்த்தார்; இரண்டு குவளை வைத்தார். பழுப்புக் காலணிகள் உள்ளே வந்தன. வேறு கால்கள் வரவில்லை. இரண்டாம் நாற்காலி காலியாகவே கிடந்தது. அதிகாரியின் வாயில் அன்று குச்சி இல்லை.

இரு எண்களின் சாட்சியமும் நீக்கப்பட்டது. அதிகாரிமீது விசாரணைக்கு உத்தரவானது. சேவகர் தம் வாக்குமூலத்தின் கீழ் சொந்தப் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு தாழ்வாரத்துக்கு வந்து, அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, அன்னைக்குத் தெரியாதுன்னேன். எனக்குத் தெரியும். பொய் சொல்லிட்டேன். மூணு நாள் உன்னை அழ வச்சது நான்தான். மன்னிச்சிடும்மா."