அந்தமானுக்கு முன்னால் எரியோடு

ரொனால்டு பரணிலிருந்து பெரிய சூட்கேஸை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, கட்டிலின் மேல் திறந்து வைத்தான். பூசைக்குப் போய்வந்து கோழிக்குழம்பு சாப்பிட்டு முடித்திருந்த ஞாயிற்றுக்கிழமை மதியம். அந்தமானுக்குக் கிளம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆனால் எல்லாச் சாமானும் இந்த ஒரு பெட்டிக்குள் அடங்குமா என்று அவனுக்கு இன்றைக்கே பார்த்தாக வேண்டும். திண்டுக்கல் நாகல் நகரில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவன். எந்த மோட்டாரையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் கடையை விட்டு அனுப்பமாட்டான். பிள்ளைக்கென்று அவன் வாங்கிச் சேர்த்தவை கட்டிலில் குவிந்து கிடந்தன. காதுவரை இறங்கும் தொப்பி, காற்றடித்து உப்பவைக்கும் குட்டித் தொட்டி, வெயிலுக்குப் பூசும் களிம்பு, கொசுவலை, இதுபோக ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை. அதைப் போட்டுப் பார்த்தபோது தேன்மொழியின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

வினோலியா குழந்தையின் கவுன்களை மடித்துப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினாள். தேன்மொழி தரையில் உட்கார்ந்து வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு வயது முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. இரண்டு கவுன்களை வைத்துவிட்டு வினோலியா திரும்பியபோது குழந்தையின் கை பழத்தோடு அப்படியே நின்றிருந்தது. அழவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் போய் ஒண்டிக்கொண்டாள்.

"என்ன தங்கம், அங்க என்ன பண்றீங்க?" என்று வினோலியா குனிந்து தூக்கினாள். கையில் வந்த உடம்பு விறைத்திருந்தது. தூக்கினால் கழுத்தைக் கட்டிக்கொள்கிற பிள்ளை, இரண்டு கைகளையும் நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தது. சாயங்காலம் இட்லியைத் தொடவில்லை. மறுநாள் டாக்டர் தொண்டை, காது, வயிறு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல டீச்சர், பல்லு வருது, அம்புட்டுதான்" என்றார். இரண்டு நாளில் குழந்தை பழையபடி சிரிக்கத் தொடங்கியதும் அவர்களும் பல் என்றே நம்பினார்கள். அடுத்த சனிக்கிழமை ரொனால்டு மறுபடி பெட்டியைத் திறந்தான். மறுபடி அதே சந்து, அதே விறைப்பு. கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரொனால்டு பெட்டியை மூடிப் பரணில் ஏற்றினான்.

இந்தப் பயணம் முதலில் இரண்டு பேருக்கானது. கல்யாணமாகிப் பதினோரு வருடம், அதில் பாதி ஆஸ்பத்திரி வாசல்களில் போயிற்று. பிறகு தத்துக்குப் பதிவுசெய்துவிட்டுக் காத்திருந்தார்கள். போன் அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்வது ஓய்ந்து, காத்திருப்பதே மறந்துபோன ஒரு நாளில், வினோலியா சமையலறையிலிருந்து சொன்னாள்: "எங்கயாச்சும் போவோங்க. அடித்தரை தெரியுற கடல் ஒண்ண நான் பாக்கணும்." அவள் கணக்கு டீச்சர். தேவைக்கு மேல் எதையும் கேட்டுப் பழகாதவள். ரொனால்டு அன்றைக்கே காலாண்டு விடுமுறைக்கு அந்தமான் டிக்கெட் போட்டான். பிள்ளை இல்லாவிட்டால் இல்லை, ஊராவது பார்ப்போம் என்ற எண்ணம்தான். அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. டிக்கெட் போட்ட பத்தாம் நாள் போன் வந்தது. பதினோரு மாதப் பெண் குழந்தை, வந்து பாருங்கள் என்றார்கள்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு பயணத்தைக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தள்ளிவைத்தார்கள். தத்து ஆணையும் கைக்கு வந்து, புது டிக்கெட்டில் மூன்றாவது வரியாகத் தேன்மொழி ரொனால்டு என்று அச்சாகியிருந்ததைப் பார்த்த அன்று, ரொனால்டு கடையில் வாடிக்கையாளரைக் காக்கவைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தான். குழந்தைகள் இல்லத்தில் வைத்த பெயரை அவர்கள் மாற்றவில்லை. அந்தப் பெயரைச் சொன்னால்தான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

பெட்டியைப் பரணில் ஏற்றியதற்கு அடுத்து வந்த திங்கட்கிழமை, பள்ளியில் மதிய இடைவேளையில், வினோலியா இல்லத்துக்குப் போன் செய்தாள். அங்கே தேன்மொழியை வளர்த்தவள் கௌசல்யா என்ற ஆயா. பிள்ளையைக் கையில் கொடுத்த அன்று அவள் பேசவே இல்லை. பால் எவ்வளவு சூட்டில் வேண்டும் என்பதை மட்டும் மூன்று தரம் சொன்னாள். இப்போது போனை எடுத்ததும், "பாப்பா நல்லாருக்கால்ல டீச்சரம்மா?" என்றாள், பதறிய குரலில்.

"நல்லாருக்காக்கா. நாலு பல்லு வந்திருச்சு. ஒண்ணு கேக்கணும். பெட்டியில துணி அடுக்குறதப் பாத்தா அவ ஏன் அப்படி ஆயிடுறா?"

அந்தப் பக்கம் கௌசல்யா, கத்திக்கொண்டிருந்த குழந்தைகளை விட்டுத் தள்ளி வந்து பேசினாள்.

"இங்க யாரு பைய எடுத்தாலும் ஏதோ ஒரு பிள்ள போகப்போகுதுன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோகும் டீச்சரம்மா. தவழுறது கூட ஓடியாந்து என் சேலையப் பிடிச்சுக்கும். நான் அவ பைய அவ முன்னாடியேதான் கட்டுனேன். அவளோட நாலு கவுனு, ஒரு துண்டு, பால் பாட்டிலு. கட்டும்போது அழுதுட்டேன் வேற. பாத்துக்கிட்டே இருந்தா. என் தப்புதான்."

"தப்பெல்லாம் இல்லக்கா" என்றாள் வினோலியா. "நீங்க அம்புட்டுப் பாசமா வச்சிருக்கப்போயிதான், விட்டுப் போறதுன்னா என்னன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. யாரும் தூக்காத பிள்ளையா இருந்தா பெட்டியப் பாத்து ஏன் பயப்படப்போகுது? எங்களுக்கு நீங்க எம்புட்டுப் பெரிய காரியம் செஞ்சிருக்கீங்கன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்கு வாயே வரல."

கௌசல்யா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கடல் காத்துல காதக் கட்டி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் ரொனால்டு ஒரே சொல்லில் முடித்தான்: "கேன்சல் பண்ணிருவோம்." அவன் முகத்தில் வருத்தம்கூட இல்லை, பிள்ளைக்கு ஒன்று ஆகாது என்றால் அது வேண்டாம், அவ்வளவுதான். வினோலியாவும் முதலில் அதையேதான் நினைத்திருந்தாள். ஆனால் பரணில் ஏறிய பெட்டியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனது கேட்கவில்லை. "இப்பக் கேன்சல் பண்ணிரலாம். நாளைக்கு அவ பள்ளிக்கூடப் பைய நாம கட்டணும். உங்க அண்ணன் ஊர்த் திருவிழாவுக்குப் போகணும். ஒவ்வொரு தடவையும் நம்ம இவள எங்கயோ கொண்டுபோய் விடப்போறோம்னு நெனச்சுக்கிட்டேவா இருப்பா? போனா திரும்பி வருவோம்னு அவளுக்கு இன்னும் யாரும் காட்டலைங்க."

"அதுக்கு அந்தமான் வரைக்குமா போகணும்?"

"எரியோடு போவோம்" என்றாள்.

எரியோட்டுக்குப் பக்கத்தில் ரொனால்டின் அண்ணன் அருள்நாதன் முருங்கை போட்டிருந்தார். அங்கே போனால் ஒரு மணிநேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். சனிக்கிழமை காலை, அழுத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே வினோலியா ஒரு தோள்பையில் அவள் துணிகளை எடுத்துவைத்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். மழைக்குப் பிறகு ரோட்டின் இரண்டு பக்கமும் பசேலென்று இருந்தது. குழந்தை எதையும் பார்க்கவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் இறங்கியதும் அண்ணி ஆசையாக இரண்டு கைகளையும் நீட்டி, "வாடி என் ராசாத்தி, பெரியம்மாகிட்ட வா" என்றாள்.

அந்தக் கைகளைப் பார்த்ததும் தேன்மொழி கத்தினாள். அதுவரை அவர்கள் கேட்டிராத கத்தல். அவள் இறுக்கிப் பிடித்த பிடியில் வினோலியாவின் கழுத்துச் சங்கிலி அறுந்து விழுந்தது. நகக்கீறல் காதிலிருந்து தோள்வரை பதிந்தது. அண்ணி பயந்துபோய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சமைத்து வைத்திருந்த சோற்றையும் வெஞ்சனத்தையும் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினார்கள். பாதி வழியில் ரொனால்டு, "நம்ம ஆசைக்கு அந்தப் பச்சப்பிள்ளையப் போட்டுப் படுத்துறோம் வினோ" என்றான். அவளுக்கும் அதே சந்தேகம்தான்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்து, கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் வைக்கும்போதுதான் அவள் கை நின்றது. பை நிறையக் குழந்தையின் துணி மட்டும்தான். கௌசல்யா கட்டிக்கொடுத்த பையும் அப்படித்தானே இருந்தது? யாருடைய துணி பைக்குள் போகிறதோ அவள் மட்டும் போகிறாள். இவள் வேறு எதைப் புரிந்துகொண்டிருக்க முடியும்? கணக்கில் ஒரு வரி விட்டுப்போனதைக் கண்டுபிடித்த பிள்ளையைப் போல வினோலியா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் பெட்டியைத் தரையில் வைத்து, குழந்தையை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, முதலில் தன் நைட்டியை வைத்தாள். அதற்கு மேல் ரொனால்டின் லுங்கி. அவனைக் கூப்பிட்டு அவன் கையாலேயே அவன் சட்டையை வைக்கச் சொன்னாள். அதன்பிறகுதான் ஒரு குட்டிக் கவுன். அதற்கு மேல் மறுபடி தன் சேலை. குழந்தை விறைத்தபடிதான் இருந்தாள், ஆனால் சந்துக்குள் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டி லுங்கியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அது வெளியே வந்தது. ரொனால்டு சிரித்துக்கொண்டே அதை மறுபடி உள்ளே வைத்தான். அவள் மறுபடி இழுத்தாள். அந்த விளையாட்டு முடிந்து அவர்கள் கிளம்பும்போது இரண்டு பஸ் போயிருந்தது.

அண்ணியிடம் முன்னாடியே போனில் சொல்லியிருந்தார்கள். அவள் கைகளை நீட்டவில்லை. வாசலில் நின்று, "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காதவள் போல முருங்கைக்கீரையை உருவத் தொடங்கினாள். அருள்நாதன் அண்ணன் கூச்சத்தோடு தள்ளியே நின்றார். வினோலியா பிள்ளையை இறக்கவே இல்லை. சாப்பிட்டது, முகம் கழுவியது, தோட்டத்துக்குப் போனது எல்லாம் இடுப்பில் வைத்தபடிதான். பூவிட்டிருந்த முருங்கைகளில் தேனீ இரைச்சல் கேட்டது. தேன்மொழி அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதன்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பொழுது சாய்ந்ததும் அப்பா, அம்மா நடுவில் படுத்து, இருவருடைய துணியிலும் ஒவ்வொரு கையை வைத்துக்கொண்டு தூங்கினாள். காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மாவிடம் தானாகவே தவழ்ந்துபோய், ஒரு காம்பை எடுத்து அவளிடம் நீட்டினாள். அண்ணி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்; அப்போதும் அவளைத் தொடவில்லை.

"அந்தமானெல்லாம் நீங்க ராசாவா போயிட்டு வாங்கடா" என்றார் அருள்நாதன், பஸ் ஏற்றிவிடும்போது. "பிள்ளைக்கு நம்ம தோட்டம் பிடிச்சுப்போச்சு. அதுவே எனக்குப் பெரிசு."

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தார்கள். ஞாயிறு மதியத்தின் வெறிச்சோடிய கடைத்தெருக்கள். மலைக்கோட்டைக்குப் பின்னால் மேகம் கூடியிருந்தது. வினோலியாவின் மனசு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போயிருந்தது. மதுரையில் ஒரு விமானம், சென்னையில் ஒன்று, போர்ட் பிளேயரிலிருந்து கப்பல். ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஆசையாகக் கைகளை நீட்டத்தான் செய்வார்கள். எல்லாருக்கும் முன்கூட்டிப் போன் பண்ணிச் சொல்ல முடியாது. அங்கே இவள் அழலாம். இருக்கிற நாளெல்லாம் அழலாம். அழுதால் இடுப்பில் வைத்துக்கொண்டே கடலைப் பார்க்கவேண்டியதுதான். அதை நினைத்தபோது, வேண்டும் என்று கேட்டதற்கு மேலேயே தனக்குக் கிடைத்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஆண்டவருக்கா, கௌசல்யாவுக்கா, பெயரும் முகமும் தெரியாத அந்தப் பெற்றவளுக்கா, யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் குழந்தையின் உச்சந்தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

ஆட்டோ அவர்கள் தெருவுக்குள் திரும்பியதும் அந்தத் தலை சட்டென்று நிமிர்ந்தது. மடியில் எழுந்து நிற்கப் பார்த்தாள். தையல் கடை, தண்ணீர்த் தொட்டி, எதிர்வீட்டு நாய் என்று ஒவ்வொன்றாய்க் கடக்கக் கடக்கக் கால்களை உதைத்தாள். இறக்கிவிட்டதும் வாசல்படியில் கை ஊன்றி ஏறி, பூட்டியிருந்த கதவைப் பிடித்து எழுந்து நின்றாள். அதற்குமுன் அவள் எதையும் பிடித்துத் தானாக நின்றதில்லை.

ரொனால்டு ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்து, "சாவி உன்கிட்டதான இருக்கு? திற வினோ" என்றான்.

"செத்த இருங்க" என்றாள் வினோலியா, சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு.

தேன்மொழி ஆடிக்கொண்டே நின்று, இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தப் பச்சைக் கதவைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தாள், இவ்வளவு நேரமாக ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறவளைப் போல.