அல்லக்கை

முருகையனைப் பதினேழு வருடமாக ஊரில் அல்லக்கை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாக அவன் மனைவி தமிழ்செல்விக்குத் தெரியவில்லை. முன்னாள் கவுன்சிலர் ராஜேந்திரனின் மூக்குக்கண்ணாடி எந்தப் பையில் இருக்கிறது, மேடையில் எவ்வளவு நேரம் நின்றால் அவருக்குக் கால் மரத்துப்போகும் என்பதெல்லாம் அவன் ஒருவனுக்குத்தான் அத்துப்படி. "அண்ணனுக்கு ஆயிரம் பேர் இருப்பான். அல்லக்கை நான் ஒருத்தன்தான்" என்று, கட்சி கொடுத்த பதவியைப் போல அவளிடமே சொல்லியிருக்கிறான்.

தொண்ணூற்றாறில் அவர் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தெருத்தெருவாகக் கும்பிட்டுக்கொண்டு போகத் தன்னால் ஆகாது என்று ராஜேந்திரனின் மனைவி மறுத்துவிட்டாள். சீட்டு தமிழ்செல்விக்கு வந்தது. ஜெயித்தும் விட்டாள். நகர்மன்றக் கூட்டம் நடக்கும்போது முருகையன் ஜன்னலுக்கு வெளியே நிற்பான். துண்டு அவன் வலது தோளுக்குப் போனால் அவள் கை தூக்க வேண்டும். இடது தோளுக்குப் போனால் சும்மா இருக்க வேண்டும். எந்தத் தோள் என்பதை ராஜேந்திரன் காலையிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்.

ஒருநாள் அருணகிரியின் டீக்கடையில் யாரோ, "இவன் இப்போ பொண்டாட்டிக்கே அல்லக்கையாயிட்டாம்பா" என்றார்களாம். முருகையன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

பதினேழு வருடம் பதவியாக இருந்த சொல் எப்படி ஒரே நாளில் வசவாயிற்று என்பது அவளுக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுத் தமிழ் டீச்சர் கஸ்தூரியிடம் கேட்டாள். கஸ்தூரி அகராதியைப் புரட்டிவிட்டு அதில் அந்தச் சொல் இல்லை என்றாள். அல்லை என்றால் விலாப்பக்கம், தலைவரின் பையை அங்கே இடுக்கிக்கொள்கிறவன் என்று டீக்கடையில் சொல்வதாகச் சொன்னாள். வலது அல்லாத கை என்று சொல்வாரும் உண்டாம். இரண்டையும் தான் நம்பவில்லை என்றும் சொன்னாள். "யார் கண்டுபுடிச்சாங்கன்னு தெரியாது தமிழு. யாரைச் சொல்றாங்கன்னு மட்டும் எல்லாருக்கும் தெரியும்."

எந்த விளக்கத்திலும் அவன் அவமானத்துக்குக் காரணம் இல்லை. வேலை அதேதான். எஜமான்தான் மாறியிருந்தாள். எஜமான் நான் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் வார்டுக்கு ஒரு கைப்பம்பு போடும் தீர்மானம் வந்தது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்கு உதவும் என்று ராஜேந்திரன் தன் லாட்ஜ் முனையில் கேட்டிருந்தார். அவள் தெருப் பெண்கள் நாலு தெரு தாண்டிக் குடம் சுமந்தார்கள். அவளும்தான் சுமந்தாள், கவுன்சிலர் ஆன பிறகும்.

லாட்ஜ் முனைக்குச் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார் மன்றத் தலைவர். ஜன்னலில் துண்டு வலது தோளுக்குப் போயிற்று. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். துண்டு இறங்கி மறுபடி ஏறியது, அவள் கவனிக்கவில்லையோ என்பதுபோல. ஒரு ஓட்டில் தீர்மானம் தோற்றது. பம்பு அவள் தெருவுக்கு என்று அடுத்த தீர்மானம் எழுதினார்கள்.

வாசலில் ராஜேந்திரன் நின்றிருந்தார். அவளைப் பார்க்காமல் முருகையனிடம் கேட்டார். "இன்னாடா இது?"

முருகையன் அவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். யாருக்குக் கால் மரத்திருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறவனைப்போல இருந்தது அவன் முகம்.

"மெம்பர் யோசிச்சுத்தாண்ணே பண்ணியிருப்பாங்க."

ராஜேந்திரன் காரில் ஏறிக் கதவைத் தானே சாத்திக்கொண்டார்.

செங்கம் ரோட்டில் இருவரும் நடந்தார்கள். அவன் ஓரடி பின்னால் வந்தான். இன்று அவள் செய்தது அவன் பதினேழு வருடத்தையும் கவிழ்த்துவிட்டது. திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நல்லது என்றும் தோன்றியது.

"நான் பண்ணது சரியாங்க?"

"நீ பண்ணா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதிர்பார்த்த வார்த்தை. ராஜேந்திரனிடம் பேசும் அதே குரலில் வந்தது. அவன் நிஜமாகவே என்ன நினைக்கிறான் என்பதை இனி யாரிடம் கேட்பது என்று யோசித்தபடி தமிழ்செல்வி நடையைக் குறைத்தாள். அவனும் குறைத்தான்.