மில்கித்தின் காலைப் பரிசு

ஹுன்வால்டுக்கு நிலம் கையகலம், மீசை முழ நீளம். ஒரு கூடம், இரண்டு களஞ்சியம், பாதி விழுந்த வேலி. அந்த வேலியின் நடுவே போன கோடையில் பிரபுக்கள் வீட்டில் இருப்பது போலப் பெரிய வாசற்கதவு ஒன்றை நிறுத்தினான். பன்றிகள் வேலி வழியாகப் போய் வந்துகொண்டிருக்க, அவன் மட்டும் கதவைத் திறந்து நுழைவான். ஊர் சிரித்தது, அவன் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் இந்த இலையுதிர்காலத்தில் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. பக்கத்துப் பெருநிலக்காரன் பர்க்ரெட் தன் பன்றிகளை ஹுன்வால்டின் ஓக் காட்டுக்குள் ஓட்டிவிட்டு, காடே தன்னுடையது என்றான். ஓக் கொட்டை தின்னாத பன்றி கொழுக்காது. பன்றி கொழுக்காவிட்டால் குளிர்காலத்துக்குக் கறி இல்லை, பண்ணையும் நிலைக்காது. வழக்கைத் தீர்க்க ஊர் மன்றம் கூடும்போது, காடு தன்னுடையது என்று தன்னோடு சேர்ந்து சத்தியம் செய்யப் பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்தால் காடு ஹுன்வால்டுக்கு. இல்லையென்றால் பர்க்ரெட்டுக்கு.

வீடு வீடாக ஏறி இறங்கினான். எல்லோரும் கோதுமை அரைப்பது பர்க்ரெட்டின் ஆலையில். ஒருவனுக்குக் கால் சுளுக்கு, ஒருவனுக்கு மாடு கன்று போடும் நேரம். ஒருவன் இவனைக் கண்டதும் வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டான்.

"பன்னெண்டு ஆம்பளை இல்லையா இந்த நாட்டுல?" என்று வீட்டில் வந்து கத்தினான்.

மாவு பிசைந்துகொண்டிருந்த அவன் மனைவி மில்கித் நிமிரவில்லை. "காடு யாருது?"

"என்னுதுதான்."

"கல்யாணத்துக்கு மறுநாள் காலையில எழுந்திரிச்சு எங்கிட்ட என்னய்யா சொன்னே?"

அவன் தலையைச் சொறிந்தான். "காலைப் பரிசா காட்டைக் குடுத்தேன். அது முறைக்காகச் சொன்னது..."

"முறைன்னா முறைதான். காடு என்னுது, வழக்கும் என்னுது. நாலு நாளா நான் சொல்றத நீ காதுல வாங்குனாத்தானே? போ, மீசையில கஞ்சி ஒட்டியிருக்கு, கழுவு."

மன்றம் கூடிய மேட்டில் ஹுன்வால்ட் ஒற்றை மரமாக நின்றான். பர்க்ரெட் தன் பரிவாரத்தோடு உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டிருந்தான். அப்போது சரிவில் மில்கித் ஏறி வந்தாள். பின்னால் பெண்கள் கூட்டம். சிலர் கையில் மாவு, சிலர் இடுப்பில் பிள்ளை.

"என்ன ஹுன்வால்ட், சந்தைக்குப் போறவங்க வழி தவறிட்டாங்களா?" என்றான் பர்க்ரெட்.

மில்கித் அவனைத் தாண்டிப் போய், காடு தனக்குக் காலைப் பரிசாக வந்தது, வழக்கும் தன்னுடையது என்றாள். மன்றத் தலைவர் கையை உயர்த்தினார். "காலைப் பரிசு பொம்பளை சொத்து. அதுக்குப் பொம்பளைங்க சத்தியம் செல்லும். வாங்கம்மா."

ஒவ்வொருத்தியாக வந்து, புனிதரின் எலும்புப் பேழை மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். ஹுன்வால்ட் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். ஆனால் வரிசை பதினொன்றில் முடிந்துவிட்டது.

"ஒண்ணு குறையுது!" பர்க்ரெட் துள்ளி எழுந்தான்.

"டேய், தள்ளு." அவன் பக்கத்தில் இருந்த அவனுடைய விதவை அக்கா லெவ்ரூன் எழுந்தாள்.

"அக்கா, நீ எங்க போறே?"

"அந்தக் கல்யாணத்துல மது ஊத்துனவளே நான்தான்டா. மறுநாள் காலையில இவன் நிக்க முடியாம நின்னு, 'காடு பூரா உனக்குத்தான்'னு கத்துனத நான் கேட்டேன். நீயும்தான் கேட்டே. எம் பக்கத்துல உக்காந்து எலும்பு கடிச்சுக்கிட்டு இருந்தியே, மறந்துபோச்சா?"

மேடே அதிரும்படி கூட்டம் சிரித்தது. லெவ்ரூன் நேராகப் போய்ப் பேழை மேல் கை வைத்தாள். காடு மில்கித்துக்கு என்று தலைவர் சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் போட்ட கூச்சலில் காக்கைகள் கிளம்பிப் பறந்தன. ஹுன்வால்ட் வெட்கமில்லாமல் அழுதான். அத்தனை சந்தோஷம் அவனுக்கு.

மறுநாள் ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கத் திரண்டிருக்க, பன்றிகளைக் காட்டின் ஓரம் வரை ஓட்டி வந்த ஹுன்வால்ட் சட்டென்று நின்று திரும்பினான்.

"அம்மணி, பன்னிய உள்ள விடலாமா?"

மில்கித் அவசரப்படவில்லை. "சரியாக் கேக்கல."

அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி உரக்க மறுபடி கேட்டான். அவ்வளவு பெருமையாக அவன் எதையும் யாரிடமும் கேட்டதில்லை.