மூன்றாவது பாட்டிலின் பென்சில் கோடு

மார்ச் 4, புதன்

இன்றைய தவறு: பாட்டிலை மூடி இல்லாமல் அளந்துவிட்டேன். அத்தானுக்காகச் செய்கிற பார் அலமாரியில் மேல்தட்டைப் பொருத்தி, திருகு முடுக்கி, பசையும் காய்ந்த பிறகு வைத்துப் பார்த்தால் மூடி இடிக்கிறது. மூடியைக் கழற்றினால் கச்சிதமாக உள்ளே போகிறது.

மாலைத் தச்சு வகுப்பில் முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்: அன்றைய தவற்றை முதல் வரியில் எழுது, மறுநாள் வேலையைக் கடைசி வரியில் எழுது. வகுப்பில் காட்டுகிற குறிப்பேடு வேறு. இது எனக்கு மட்டும்.

தவற்றை அத்தானிடம் சொன்னேன். "அதுக்கென்ன டேப்பு, மூடியைத் தொறந்தே வச்சிடுவோம். நேரமும் மிச்சம்" என்றார். எப்போதும் அளவு நாடாவோடு திரிவதால் அவர் எனக்கு வைத்த பெயர் அது. நான் சிரித்துவிட்டேன். அடுப்படியில் அக்காவின் கரண்டிச் சத்தம் நின்றது. உடனே வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் சிரித்தது சிரித்ததுதான்.

அத்தான் கடைகளுக்குத் தண்ணீர் மோட்டார் விற்கிறார். அவருக்கு மேலே உள்ள இடம் காலியாகிறது. 28ஆம் தேதி சனிக்கிழமை மேலாளர் இரண்டு பெரிய வியாபாரிகளோடு இந்த வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். இதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் வீட்டுக் கூடத்தில் பாட்டில், கிளாஸ், ஸ்டூலோடு ஒரு பார் இருந்ததாம். "பாதி ஆர்டர் அந்த மூலையிலதான் முடிஞ்சுது. மேலாளர் இன்னும் அதைப் பத்தியே பேசறாரு" என்கிறார் அத்தான்.

அத்தான் குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன் ஒருநாள் அக்கா ஒரே ஒரு பையோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். இரண்டு மாதம் என் கட்டிலில், என் பக்கத்தில் படுத்தாள். ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் அவரிடம் திரும்பிப் போனாள்: இன்னொரு முறை என்றால் கிளம்பிவிடுவேன், பிறகு வரமாட்டேன். இப்போது மருந்துக்கடை வேலைக்கும் வகுப்புக்கும் பக்கம் என்று நான் இவர்களோடு இருக்கிறேன். அந்தப் பை என் அறைக் கட்டிலின் அடியில் இருக்கிறது. உள்ளே துணி அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பார் வேண்டும் என்று அத்தான் கேட்டபோது அக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் நிபந்தனையோடு வந்தாள். உண்மையான சரக்கு இரண்டே பாட்டில். அதுவும் சனிக்கிழமை மாலைதான் வாங்க வேண்டும். மிச்சம் விருந்தாளிகளோடு வெளியே போய்விட வேண்டும். அத்தானின் கிளாஸில் இஞ்சிச் சாறு. அவள் ஒதுக்கிய தொகைக்குக் கடையில் ஒரு நல்ல ஸ்டூல்கூட வராது.

இரண்டு பாட்டில் மட்டும் நின்றால் மூடப்போகிற கடை மாதிரி இருக்கும் என்றார் அத்தான். காலி பாட்டில்களில் வண்ணத் தண்ணீர் ஊற்றி வைக்கலாம் என்றேன். அந்த யோசனை என்னுடையது. எழுதி வைக்கிறேன்.

நாளை: மேல்தட்டைக் கழற்றி நாலு செண்டிமீட்டர் உயர்த்த வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

தவறு: ஒரு பாட்டிலை லேபிளோடு தண்ணீரில் ஊறப்போட்டேன். லேபிள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இன்னொன்று வாங்க இரண்டாம் முறை பழைய சாமான் கடைக்குப் போனேன்.

முதல் முறை போனபோதே கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் காலி பாட்டிலைக் கொண்டுவந்து போடுவாங்க. வெல குடுத்து வாங்கிட்டுப் போற மொத ஆளு நீதாம்மா."

"அலங்காரத்துக்குங்க."

"ஆமாமா, எங்க வீட்டுக்காரரும் அலங்காரத்துக்குத்தான் சேர்க்கிறாரு" என்றாள் எடைபோட்டுக்கொண்டிருந்த அம்மாள். காது சுட, நாலு பாட்டிலையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன.

பாருக்கு உடம்பு ஒரு பழைய டிவி அலமாரி. பின்பக்கம் தடித்த டிவிகள் இருந்த காலத்தில் செய்தது. எடுத்துப் போனால் போதும் என்று கீழ்வீட்டார் சும்மாவே கொடுத்துவிட்டார்கள். டிவி இருந்த குழியில் இப்போது பாட்டில் தட்டு. மேற்பலகை, யாரோ கழற்றிப் போட்ட கதவு. பூட்டு இருந்த ஓட்டையைக் கட்டை வைத்து அடைத்து இழைத்தேன். விரலால் தடவினால் இணைப்புத் தெரியவில்லை. மூன்று முறை தடவிப் பார்த்தேன். நான் முழுதாகச் செய்யும் முதல் சாமான் இது.

பாட்டில்களைக் கழுவும்போது சமையலறையில் பழைய வாடை எழுந்தது. அக்கா சன்னலைத் திறந்தாள். பிறகு கதவையும் திறந்தாள். பிறகு அவளே வெளியே போய் நின்றுகொண்டாள்.

நாளை: டீத்தூள் கொதிக்கவைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும்.

மார்ச் 14, சனி

டீ கெட்டுவிட்டது. ஐந்தே நாளில் மேலே சாம்பல் ஆடை. டீ கெடும் என்பது தெரியாமல் ஒருத்தி இத்தனை வயசுவரை இருக்க முடியுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சீனியைக் கருக்கித் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கெடாமல் இருக்கக் கொஞ்சம் வினிகர் சேர்த்தேன். நிறம் அசலாகவே வந்தது. வீடு முழுக்கப் புகை. அத்தான் இருமிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்து, "சரக்கு காய்ச்சறேன்னு யாராவது புகார் குடுத்துடப் போறாங்க" என்றார்.

மறுபடி ஆடை படிகிறதா, மூடி கசிகிறதா என்று கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டிலிலும் லேபிளின் பின்புறம் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

நாளை: ஸ்டூல் இரண்டுக்கும் துரு நீக்கி வண்ணம் அடிக்க வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

பார் முடிந்தது. மூடிப்போன ஒரு சிறு மருத்துவமனையிலிருந்து வந்த சுழலும் ஸ்டூல் இரண்டும் இப்போது கறுப்பு. ஆறு கிளாஸில் நாலுதான் ஒரே செட், மற்ற இரண்டையும் பின்வரிசையில் தொங்கவிட்டேன். தட்டின் பின்னால் ஒரு கண்ணாடி பதித்தேன். செலவில்லாமல் சரக்கைப் பெருக்குகிற வழி அதுதான்: நாலு பாட்டில் எட்டாகத் தெரியும். மேலே பாட்டரியில் எரியும் மஞ்சள் விளக்குப் பட்டை.

விளக்கைப் போட்டதும் கூடத்தின் மூலையே வேறு வீடாகிவிட்டது. அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றினார். "டேப்பு, பிரமாதம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா வந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி விளக்கை அணைத்தாள். "பாட்டரி தீந்துடும்."

தவறு எதுவும் இல்லை என்று எழுதப் பயமாக இருக்கிறது. யோசித்துப் பார்த்தேன், அகப்படவில்லை.

நாளை: வகுப்புக்குப் புகைப்படம் எடுத்துப் போக வேண்டும்.

மார்ச் 21, சனி

காலையில் பாட்டில்களைச் சரிபார்த்தேன். மூன்றாவது பாட்டிலில் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் குறைந்திருக்கிறது.

கசிந்திருக்குமோ என்று தட்டைத் தடவினேன். ஈரமில்லை, பிசுபிசுப்பும் இல்லை. ஆவியாகியிருந்தால் நாலிலும் குறைய வேண்டும். மற்ற மூன்றும் கோட்டிலேயே நிற்கின்றன. கோட்டை நான் தப்பாகப் போட்டிருக்கலாம். ஆனால் நாலையும் ஒரே மூச்சில் போட்டேன். கிளாஸ்களைப் பார்த்தேன். செட் கிளாஸ் ஒன்று பின்வரிசையில், செட்டில் சேராத கிளாஸின் இடத்தில் தொங்குகிறது. கழுவித் துடைத்திருக்கிறது.

எடுத்தது அக்கா இல்லை. நான் இல்லை.

அது சீனித் தண்ணீர் என்பது நினைவில்லாமல் அத்தான் ஊற்றிக்கொண்டாரா? நினைவில்லாமல் என்றால், சரக்கு என்று நினைத்து ஊற்றியிருக்கிறார். இதை அக்காவிடம் சொன்னால் கட்டிலடிப் பை வெளியே வந்துவிடும். என் கணக்கு தப்பாக இருந்தால், இல்லாத ஒன்றுக்காக ஒரு வீட்டைப் பிரித்தவள் ஆவேன். சொல்லவில்லை. எழுதுகிறேன். அவ்வளவுதான்.

நாளை: மறுபடி அளக்க வேண்டும்.

மார்ச் 24, செவ்வாய்

இன்றைய தவறு நாலு நாள் பழையது.

ஞாயிறு அளந்தேன், மூன்று விரல். திங்கள் அளந்தேன், நாலரை. இரண்டையும் வகுப்புக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன், இதில் எழுதக்கூடத் தைரியம் வரவில்லை. இன்று மருந்துக்கடையில் பூச்சிமருந்து அடிப்பதால் மதியத்தோடு அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தால், மஞ்சள் விளக்கு எரிகிறது. அத்தான் ஸ்டூலில். அலுவலகப் பை காலடியில். கையில் கிளாஸ், அதில் பழுப்புத் தண்ணீர், இரண்டு ஐஸ் கட்டி.

"வா டேப்பு. மாட்டிக்கிட்டேன்" என்றார்.

"அத்தான், அது சீனித் தண்ணி."

"தெரியும். நீ கருக்கினப்ப நானும்தானே இருமினேன்?"

"வினிகர் வேற கலந்திருக்கேன்."

"அதுவும் தெரியுது. கண்றாவியா இருக்கு."

எனக்கு மூச்சு வந்தது. "அப்ப ஒண்ணுமில்லையே அத்தான்! நான் என்னென்னவோ நெனச்சுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "நானும் ஒண்ணுமில்லன்னுதான் நெனச்சேன். சனிக்கிழமை மூணு மணி நேரம் கையில கிளாஸோட உக்காரணும். கொஞ்சம் ஒத்திகை பாத்துக்கலாம்னு உக்காந்தேன். மொத நாள் பத்து நிமிஷம். அடுத்த நாள் அரை மணி. இன்னிக்கு மதியம் சாப்பிட வெளிய வந்தவன், ஆபீஸுக்குத் திரும்பிப் போகல."

"ஏன்?"

முகவாயால் கண்ணாடியைக் காட்டினார். "அங்க பாரு. எதிர்ல ஒருத்தன் உக்காந்திருக்கான். எனக்கு ரொம்பப் பழக்கம் அவன். பதினாலு மாசம் கழிச்சு வந்திருக்கான். வந்தவனுக்கு சீனித் தண்ணிய ஊத்தி ஏமாத்தறோமேன்னு எனக்கே கூச்சமா இருக்கு."

கண்ணாடியில் எட்டு பாட்டில்களுக்கு நடுவே அவர் முகம் சரியாகத் தெரிந்தது. உட்கார்ந்தால் கண்மட்டத்தில் வரும்படி நான்தான் அளந்து பதித்தேன்.

"ஸ்டூலை எடுத்துடறேன். விளக்கைக் கழட்டிடறேன்" என்றேன். "கண்ணாடிக்கு மேல பலகை அடிச்சுடலாம்."

"நீ கோணல்மாணலா செஞ்சிருந்தா தப்பிச்சிருப்பேன் டேப்பு. ஒக்காந்தா எந்திரிக்க மனசு வரமாட்டேங்குது." பிறகு குனிந்து அலுவலகப் பையைத் திறந்தார். உள்ளே காகிதத்தில் சுற்றிய ஒரு முழு பாட்டில். "சனிக்கிழமைக்கு வாங்கினேன்னு சொல்லிக்கலாம். பொய்யும் இல்ல. ஆனா இன்னிக்குச் செவ்வாய்."

வாங்கிப் பார்த்தேன். மூடியின் வளையத்தில் நகத்தை ஓட்டினேன். சீல் உடையவில்லை. இரண்டாம் முறையும் ஓட்டினேன்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதிலேயே மூன்று வாரமும் என் கவனம் போயிருந்தது. ஸ்டூலையும் விளக்கையும் கண்ணாடியையும் ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை.

"அக்காகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

அக்கா ஆறு மணிக்கு வந்தாள். பாட்டில் மேற்பலகையில் நின்றது. கைப்பையைக் கழற்றாமலே நின்று கேட்டாள். அவர் ஒன்றையும் விடாமல் சொன்னார். முடித்ததும் அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"சனிக்கிழமை. கோட்டுக்குக் கீழ கொறைஞ்சிருந்துச்சு."

"பாத்துட்டு?"

"எழுதி வச்சேன்."

"எழுதி வச்சியா!" அவள் குரல் உயரவில்லை. "நாலு நாளா நான் இந்த மூலையைத் தாண்டித்தான் போய்ட்டு வர்றேன். எங்கிட்ட வாயைத் தொறந்து சொல்ல இந்த வீட்டுல ஒரு ஆள் இல்ல. நோட்டுகிட்ட சொல்லியிருக்கே."

 

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "சனிக்கிழமை?"

"நாளைக்குக் காலையில மேலாளருக்குப் போன் பண்றேன். ஓட்டல்ல வச்சுக்கலாம்னு சொல்றேன்."

"ஓட்டல்ல கிளாஸ் இருக்காதா?"

"நான் குடிக்கறதில்லன்னு சொல்லிடறேன். ஏன்னும் சொல்றேன்."

"சொன்னா அந்த எடம் யாருக்குப் போகும்?"

அத்தான் யோசித்தார். "நமக்கு இல்ல."

அக்கா தலையாட்டினாள். கோபமா, சம்மதமா, எனக்குத் தெரியவில்லை. "நீங்க வாசல்ல போய் நில்லுங்க" என்றாள். அவர் போய் நின்றார். அவள் பாட்டிலைச் சமையலறைக்கு எடுத்துப்போய்த் தொட்டியில் கவிழ்த்தாள். காலியான பிறகும் குழாயை நிறுத்தவில்லை. பிறகு அரிசியைக் கழுவி வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். "உப்பு போதுமா?" என்று ஒரு தரம் கேட்டாள், பொதுவாக, யாரையும் பார்க்காமல். போதும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அறைக்கு வந்ததும் குனிந்து கட்டிலின் அடியில் பார்த்தேன். பை இருக்கிறது. ஆனால் எப்போதும் சுவரை ஒட்டி இருக்கும், இன்று ஓரமாக, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ஞாயிறன்று பெருக்கும்போது நான் நகர்த்தினேனா? நினைவில்லை. இதை மட்டும் நான் அளந்து வைக்கவில்லை.

எழுந்து அடுப்படிக்குப் போய் அக்காவிடமே கேட்டேன். "பையை எடுத்தியா அக்கா?"

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "எடுத்தேன்" என்றாள். "இன்னும் முடிவு பண்ணல. கேட்டதுக்காக சொல்றேன்."

நாளை: காலை ஆறு மணிக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். நாலு திருகு. அத்தான் பிடித்துக்கொள்வார். அடுத்து விளக்கு, கிளாஸ் கொக்கிகள், தட்டு. ஸ்டூல்களும் நாலு பாட்டில்களும் பழைய சாமான் கடைக்கு. எட்டு மணிக்கு அவர் மேலாளருக்குப் போன் செய்வதற்குள் அந்த மூலை வெறும் சுவராக இருக்க வேண்டும்.