நான்கு விரல்களின் சிவப்பு

மேற்கே சாய்ந்த கதிரவன் ஆலைப் புகைபோக்கிகளின் நெற்றியில் செம்பொன் தீற்றி, பாலத்தின் இரும்பு விலாக்களில் வழிந்து, ஆற்றுநீரில் உடைந்து, அக்கரை மருத்துவமனையின் நூறு சாளரங்களிலும் தீ மூட்டியதுபோல் ஒளிர்ந்த மாலையில், அன்புடையீர், மூன்றாம் மாடியின் கடைசி அறையில் அண்ணனும் தங்கையும் தாயின் கட்டிலுக்கு இருபுறமும் நின்று ஒருவரையொருவர் கண்ணால் எரித்துக்கொண்டிருந்தனர்.

தாய்க்கு வலப்பாதி உடல் செயலற்று, நாவும் அடங்கிப் பத்து நாளாயிற்று; எஞ்சியது இடக்கை ஒன்றே. மூத்தவன் மெய்யியல் பேராசிரியன். நாள்தோறும் தடித்த நூலொன்றைக் கொணர்ந்து உயிரின் நிலைபேற்றை ஓங்கிய குரலில் படிப்பான். தாய் கண்களை மூடிக்கொள்வாள். இளையவள் துணிக்கடைப் பணிப்பெண். முந்நூறு நகப்பூச்சுக் குப்பிகளை நிறம்வாரியாக அடுக்கிப் பார்த்து மகிழ்பவள். நாள்தோறும் ஆறேழு குப்பிகளைப் போர்வைமேல் பரப்புவாள். தாய் விரல் நீட்டி ஒன்றைத் தொடுவாள். அன்று தொட்டது மாதுளைச் சிவப்பு.

அச்சிவப்பே பகை மூட்டியது. விரல்நுனியில் ஒளி பாய்ச்சிக் குருதியின் உயிர்வளியை அளக்கும் கருவி, அடர்ந்த பூச்சால் தடுமாறித் தாழ்ந்த எண்ணைக் காட்டி அலற, ஓடிவந்த மருத்துவர் உண்மையறிந்து கடிந்துவிட்டுப் போயிருந்தார்.

"அம்மா இப்படிக் கிடக்கறப்ப உனக்கு நெயில் பாலிஷ் கேக்குதா? உன் தலைக்குள்ளயும் அந்த பாட்டில்தான் இருக்கு!"

"நீங்க படிச்சா அம்மா தூங்கறாங்க, நான் பாட்டில எடுத்தா முழிச்சுக்கறாங்க. அதான் உங்களுக்கு எரியுது."

"அது தூக்கமில்ல, தியானம்!"

"குறட்டை விட்டா தியானம்?"

சினம் தலைக்கேற, அவன் பூச்சு நீக்கும் நீர்மத்தில் பஞ்சை நனைத்து, பலகையில் பிழையெழுத்தை அழிப்பவன்போல் ஐந்து நகங்களையும் துடைத்தெறிந்தான். பார்த்துக்கொண்டே கிடந்த தாய் கையை இறுக மூடிக்கொண்டாள்.

அரைமணி கழிந்தது, மூச்சு மெய்யாகவே தளர்ந்தது. குளிர்ந்த வலக்கையில் கருவிக்கு எண் கிடைக்கவில்லை, இடக்கையோ திறக்கவில்லை. உயிர்வளியை எவ்வளவு செலுத்துவதென்று அறியாது செவிலி தவித்தாள். மகன் கெஞ்சினான், விரல்களைப் பற்றி இழுத்தான், பிடி கல்லாயிற்று.

"சார், நாலு விரல்ல போட்டுட்டு ஒண்ண எனக்கு விடுங்களேன்" என்றாள் செவிலி.

தங்கை குப்பியை அவன்முன் நீட்டினாள். "நீங்கதானே அழிச்சீங்க? நீங்களே போடுங்க."

மூடி திறந்து மணம் பரவியதும், நீர் பட்ட மொட்டென அக்கை மெல்ல விரிந்தது. பழகாத கையால் அவன் பூசினான். பாதி நகத்திலும் பாதி தோலிலுமாகப் படிந்தது. தாயின் பாதி முகம் சிரித்தது. வெறுமையாய் விட்ட சுட்டுவிரலில் கருவி எண்ணைக் காட்ட, செவிலி குழாயைத் திருகினாள், மூச்சு சீரானது.

"அம்மாவுக்கு இதெல்லாம் எப்பலேர்ந்து பிடிக்கும்?"

"ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் தந்திருக்க மாட்டாள். என் கண்மணிகளே, முந்நூறு குப்பிகளிலும் ஆழம் உண்டென்று வழக்காட நான் வரவில்லை. ஆயினும் பிறர் விருப்பத்தை ஆழமற்றதென்று தீர்ப்பிடுவோர், பெரும்பாலும் தம் கயிற்றின் நீளத்தைச் சொல்லிவிட்டுக் கிணற்றை அளந்ததாகவே எண்ணிக்கொள்கின்றனர். கதிரவன் முற்றும் அணைந்தபின், அவ்வறையில் எஞ்சிய சிவப்பு, கோணலாய்ப் பூசிய அந்நான்கு விரல்களில் மட்டுமே இருந்தது.