ஏழு இன்ச் ஆகாயம்

தூரம் என்பது மனித குலத்தின் மூடநம்பிக்கை. விமானம் வந்த பிறகு உலகில் மிச்சமிருப்பது நேரம் மட்டுமே. இதைக் கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே கண்டுபிடித்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அறிவித்துவிட்டேன்.

அக்கா வேலைக்காக வெளிநாடு கிளம்பிய அன்று வீட்டில் யாரும் என் கண்டுபிடிப்பைப் பொருட்படுத்தவில்லை. பஸ்ஸில் நாலு ஸ்டாப் போனாலே தலைசுற்றும் அக்கா, முதல்முறையாக, தனியாக. காலை ஆறு மணிக்கு விமானம் ஏறிவிட்டாள். பதிமூன்று மணி நேரப் பயணம் என்றது டிக்கெட். இறங்கியதும் போன் பண்ணுவதாகப் பேச்சு.

சுவரிலிருந்த உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்து, விமான வேகத்தால் வகுத்தேன். பதினேழு மணி நேரம் வந்தது. டிக்கெட்டில் அச்சுப்பிழை என்று தீர்ப்பளித்தேன்.

அப்பா தையல்காரர். என் பள்ளிக்கூடத்து உலக உருண்டையைத் தேடியெடுத்து மெஷின்மேல் வைத்து, எங்கள் ஊரிலிருந்து அக்கா போகும் ஊர்வரை இன்ச் டேப்பை இழுத்துப் பிடித்தார். டேப் வடக்கே பனிப்பிரதேசத்தில் ஏறி இறங்கியது.

“ஏழு இன்ச்.”

“பிளேனுக்குச் சட்டை தைக்கிறியாப்பா? காலர் என்ன சைஸ்?”

“உலகம் என்ன மேஜையாடா, ஸ்கேல் வைக்க? தோள் வளையுற இடத்த வளைச்சுத்தான் அளக்கணும்.”

உருண்டையின் அடியில் அச்சிட்டிருந்த அளவை வைத்து ரகசியமாகக் கணக்குப் போட்டேன். பதிமூன்று மணி நேரம். இதை நான் அறிவிக்கவில்லை.

கடிகாரத்தைப் பார்த்து, பிளேன் கடந்திருக்கும் ஒவ்வொரு இன்ச்சுக்கும் அப்பா நீல சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார். மதியம் புள்ளி பனிமேல் நின்றது.

“ஐயோ, குளிருமே! ஜன்னல சாத்தியிருப்பாளா?” என்றாள் அம்மா.

“பிளேன் ஜன்னல் தொறக்காதும்மா.”

“நீ போய்ப் பாத்தியா?”

“ஏழு மணிக்கு எறங்கணும். அரை இன்ச் தையலுக்கு விட்டு, எட்டுன்னு வெச்சுக்குவோம்” என்றார் அப்பா.

ஆகாயத்தில் தையலுக்கு விடும் முதல் மனிதர் என்று அவரைப் பாராட்டிவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஏழு ஆனது. போன் வரவில்லை. ஏழு இருபது. அம்மா ஒரே துண்டை மூன்றாம் முறையாக மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒருவர் பேன்ட் இறுக்குகிறது என்று சண்டைக்கு வந்தார். அப்பா வாழ்க்கையில் முதல்முறையாக, “ஆமாங்க, தப்பு என்னுதுதான்” என்று ஒத்துக்கொண்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஏழு நாற்பதுக்கு மெஷின்மேல் கிடந்த டேப்பை எடுத்து உருண்டையில் இழுத்துப் பிடித்தேன். ஏழு இன்ச். மறுபடி பிடித்தேன். ஏழுதான். அரை இன்ச் தள்ளிக் கட்டைவிரலை வைத்தேன். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

ஏழு ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

“எறங்கிட்டியாடி? எந்த வரிசையில நின்னே? அவ்ளோ நேரமா?” அம்மா அழுதுகொண்டே கேட்டாள். அப்பா வாசலிலிருந்து ஓடிவந்து போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டார்.

இருவரும் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். நான் சாக்கட்டியை எடுத்துக் கடைசிப் புள்ளியை வைத்தேன்.